தாலியும் பதிவேடும்

பிற்பகல் மூன்று மணியாகிவிட்டால் அப்புத்தளை மலைமுகட்டிலே தெற்குத் தாழ்நிலத்திலிருந்து மூடுபனி ஏறிவந்து, வீதியையும் கடைகளையும் எமது வகுப்பறைச் சன்னல்களையும் ஒருங்கே மறைத்துவிடும். அத்தகைய ஒரு பிற்பகலில் எமது மாணவர் தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தனர். ஒரு மாணவி மட்டும் தனது பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை நான்காக மடித்துப் புத்தகத்துள் ஒளித்து வைத்திருந்ததைக் கண்டோம். காரணம் கேட்டபோது பதில் கூறாமல் அழுதாள். பிறகு பத்திரத்தை எடுத்துத் தந்தாள். தந்தையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு. பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா என்ற கேள்விக்கு எதிரே, அழகான கையெழுத்தில், "இல்லை" என்ற ஒரு சொல்.

"சேர், எங்க அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கலியாணமே நடக்கலையா?" என்று அப்பிள்ளை எம்மிடம் கேட்டாள்.

அவளுடைய பெற்றோரை நாம் அறிவோம். தகப்பனார் கவ்வாத்து வேலையில் கைதேர்ந்தவர். தாயார் கொழுந்து எடுப்பவர். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் தோட்டத்து மாரியம்மன் கோவிலில், தோட்டத் தலைவர்மாரும் உறவினரும் சூழ்ந்து நிற்க, தாலி கட்டிக் கலியாணம் நடந்தது. லயம் முழுவதும் உண்டது. பட்டணத்து ஸ்டூடியோவில் எடுத்த மணக்கோலப் படம் காம்பராச் சுவரில் இன்றும் தொங்குகிறது. நடவாதது ஒன்றேயொன்று: விவாகப் பதிவாளரின் புத்தகத்தில் அவர்கள் கையொப்பம் வைக்கவில்லை. பிள்ளை பிறந்தபோது தகப்பன் கொழும்பிலே ஒரு கடையில் வேலையாயிருந்தார். பிறப்பைப் பதிய வந்தவளிடம் எழுதுவினைஞர் விவாகப் பத்திரத்தைக் கேட்டார், அவள் இல்லையென்றாள், அவரும் இல்லையென்று எழுதிவிட்டார். பத்திரம் இல்லை என்பதும் கலியாணம் இல்லை என்பதும் அந்தக் கூண்டுக்குள் ஒன்றாகிவிட்டன.

மணமின்றிக் கூடி வாழ்தல் என்பது பற்றி இக்காலத்தில் பட்டணத்துச் சஞ்சிகைகள் பலவும் எழுதுகின்றன. அவை கூறுவதெல்லாம் படித்து உத்தியோகம் பார்க்கும் இளைஞரும் யுவதிகளும் தாமாகவே விரும்பி மேற்கொள்ளும் ஒரு புதுவாழ்க்கையைப் பற்றியே. எமது ஊவா மலைகளில் இவ்விஷயம் மிகப் பழையது. அதன் கோலமும் வேறு. இங்கே தாம் மணமாகாதவர் என்பதை அறியாமலே, மணமாகாதவராக எழுதப்பட்டு வாழ்கின்ற தம்பதியர் இருக்கின்றனர். அவர்களைப் பற்றியே இங்கு பேச விரும்புகின்றோம்.

சட்டம் உண்மையில் என்ன சொல்லுகிறது?

எமது தோட்டங்களில் வாழும் தமிழருக்கு யாழ்ப்பாணத்துத் தேசவழமை உரியதன்று. அவர்களுடைய விவாகத்தை ஆள்வது 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமாகும். அச்சட்டத்தின் பெயரைக் கேட்டவுடன், பதிவில்லையேல் விவாகம் இல்லை என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. பதிவேட்டில் உள்ள குறிப்பு, விவாகம் நிகழ்ந்தமைக்குத் தலைசிறந்த சாட்சி என்றே அது கூறுகிறது. தலைசிறந்த சாட்சி இல்லாவிடத்து வேறு சாட்சிகளை நீதிமன்றம் கேட்கலாம். வழக்கத்தின்படி சடங்கு செய்து முடித்த மணத்தையும் அது ஏற்கலாம்.

இதற்கு அடிப்படையாக நிற்பது 1881 ஆம் ஆண்டில் இலண்டன் கோமறைக் கழகம் வழங்கிய ஒரு தீர்ப்பு. இலங்கைத் தமிழரிடையே எழுந்த வழக்கு அது. ஆங்கில அறிக்கைகளில் "அரொனெகரி எதிர் வைகாலி" என்று அச்சாகியிருக்கிறது. முதற்பெயர் அருணகிரியாகவே இருக்கவேண்டும் என்பது எமது துணிபு. வெள்ளைக்காரர் வாயில் எமது பெயர்கள் பட்ட பாடு அது. ஓர் ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாகக் கூடி வாழ்ந்தார்கள் என்பது நிறுவப்பட்டால், அவர்கள் முறையான மணத்தின் பேரிலேயே அவ்வாறு வாழ்ந்தனர் என்று சட்டம் ஊகிக்கும். அவ்வாறன்று என்பவரே அதைத் தெளிவாக நிரூபிக்கவேண்டும். இதுவே அத்தீர்ப்பின் சாரம். 1927 இல் இலங்கையிலிருந்து சென்ற தினோஹாமி, பலஹாமி என்போரின் வழக்கிலும் அதே கழகம் இதனை உறுதிசெய்தது. அவ்வழக்கிலே தம்பதியர் ஒரே வீட்டில் இருபது ஆண்டுகள் வாழ்ந்து எட்டுப் பிள்ளைகளைப் பெற்றிருந்தனர். அத்தீர்ப்பைப் பின்னாளில் இந்திய உச்ச நீதிமன்றமும் எடுத்தாண்டிருக்கிறது. எமது நாட்டு வழக்கொன்று அக்கரையில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கைகொடுத்தது என்பது பலர் அறியாத செய்தி.

இங்கே வாசகர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்த ஊகத்துக்கு இரண்டு கால்கள் உண்டு. கூடி வாழ்ந்தமை ஒன்று. ஊரார் அவர்களைக் கணவன் மனைவியென்று மதித்தமை மற்றொன்று. ஆகவே நீதிமன்றம் லயத்தின் வாயைத்தான் கேட்கிறது. அடுத்த காம்பராக்காரி அவளை எப்படிக் குறிப்பிட்டாள்? "இன்னாருடைய சம்சாரம்" என்றாளா, "அவன் வைத்திருப்பவள்" என்றாளா? மாமியார் செத்த வீட்டில் அவள் மருமகளுக்குரிய இடத்தில் நின்றாளா? கோவில் திருவிழாவுக்கு இருவர் பெயரிலும் வரி எடுத்தார்களா? தோட்டத்துப் புத்தகத்தில் ஒரு குடும்பமாக எழுதிக் காம்பரா கொடுத்தார்களா? ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்று நாம் சலித்துக்கொள்வதுண்டு. அந்த ஊர்வாயே ஒரு விதவைக்குச் சொத்துரிமை வாங்கிக் கொடுக்கவும் கூடும். அவளைத் தெருவில் நிறுத்தவும் கூடும்.

இவ்வளவு தாராளமான சட்டம் இருக்க, எமது மாணவி அழவேண்டி வந்தது ஏன்? இந்த ஊகம் நீதிமன்றத்துக்குள் மட்டுமே உயிர் வாழ்கிறது என்பதே காரணம். அலுவலகத்து மேசையில் அதற்கு மூச்சில்லை. ஊழியர் சேமலாப நிதிப் பணத்துக்கு மனைவியென்ற உரிமையில் போகிறவளிடமும், கணவனின் மரணத்துக்குப் பின் எதையாவது தன் பெயருக்கு மாற்றப் போகிறவளிடமும், எழுதுவினைஞர் 1881 ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பற்றிப் பேசமாட்டார். விவாகப் பத்திரத்தைக் கேட்பார். அவரைக் குறைகூறவும் இயலாது. மேசையிலிருந்துகொண்டு லயத்தைச் சாட்சிக்கு அழைக்க அவருக்கு அதிகாரமில்லை. அவள் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போய், மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்து, தான் மனைவியே என்று நிலைநாட்டவேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாட்பேர் போய்விடும். கூட வரும் சாட்சிகளின் பேரும் போய்விடும். அரைப்பேருக்கே அஞ்சுகிற வாழ்வில், எத்தனை தவணைக்கு ஒருத்தி படியேறுவாள்?

அடுத்த கிராமத்து நியாயம்

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பதுளைப் பகுதி பழைய கண்டி இராச்சியத்தைச் சேர்ந்தது. தோட்டத்து எல்லைக்கு அப்பால், வயலோரக் கிராமத்தில் வாழும் எமது சிங்களச் சகோதரர் பலருக்குக் கண்டியச் சட்டம் உரியது. அவர்களிடையே பெண் கணவன் வீட்டுக்குப் போகும் தீக மணமும், கணவன் பெண்வீட்டுக்கு வரும் பின்ன மணமும் பழங்காலந் தொட்டு எழுத்தின்றியே நடந்து வந்தன. 1859 இல் ஆங்கில அரசு ஒரு கட்டளைச் சட்டத்தினால் அவர்களுடைய விவாகங்கள் செல்லுபடியாவதற்குப் பதிவு இன்றியமையாதது என்று விதித்தது. 1870 இல் வந்த சட்டமும், இன்று நடைமுறையில் உள்ள 1952 ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டமும் அந்த விதியைக் கைவிடவில்லை. முன்னோர் வழக்கப்படி ஊரறிய வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அந்நாளில் ஒரே இரவில் முறைதவறிப் பிறந்தவர் என்ற பெயரைச் சுமக்க நேர்ந்தது. ஆனால் அக்கடுமையின் பயனாகப் பதிவு என்பது கிராமத்தவருக்குக் கலியாணத்தோடு ஒட்டிய பழக்கமாகிவிட்டது. தோட்டத்தில் சட்டம் இளகியிருந்தது, பழக்கமும் வளரவில்லை. ஒரே மலையில், ஒரே ஓடையின் இரு கரைகளில், இருவேறு நியாயங்கள்.

இன்னொரு முரணும் நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் "எழுத்து" என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பதிவாளரை வீட்டுக்கு அழைத்துக் கையொப்பம் வைத்துவிடுவார்கள். அந்தக் கணமே சட்டப்படி அவர்கள் கணவனும் மனைவியும் ஆகின்றனர். ஆயினும் பெண் பிறந்தகத்திலேயே இருப்பாள். இருவரும் சேர்ந்து படம் பார்க்கப் போனாலே பெரியவர்கள் முகஞ்சுளிப்பார்கள். "இன்னும் கலியாணம் ஆகவில்லையே" என்பார்கள்! இடையில் மனம் மாறினால் ஊரார் அதைச் சம்பந்தம் குழம்பியதாகக் கருதுவர். சட்டமோ விவாகரத்து வழக்குப் போடச் சொல்லும். அதற்கும் சட்டம் காட்டும் வாயில்கள் மூன்றுதான்: பிறர்மனை சேர்தல், வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லல், தீராத ஆண்மைக் குறைவு போன்ற தகுதியின்மை. வாழ்ந்தேயிராதவர்கள் இவற்றுள் எதைச் சொல்வது? அங்கே பத்திரம் இருந்தும் சமூகம் மணமென ஏற்பதில்லை. இங்கே சமூகம் மணமென ஏற்றும் பத்திரம் இல்லை. தமிழர் ஆகிய நாம் ஒரே சட்டத்தை இரு கோடிகளிலிருந்து தவறவிடுகின்றோம் என்று சொன்னால் மிகையாகாது.

தோட்டத்தில் ஏன் பதிவதில்லை என்று கேட்டால், அறியாமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. கோப்பிக் காலத்தில் மலையேறி வந்தவர்களிற் பெரும்பாலோர் பருவத்துக்கு வந்து திரும்பிய ஆண்கள். தேயிலை வந்த பின்னரே குடும்பங்கள் வந்து நிலைத்தன. அவர்களுக்கு உறவுமுறையும் சாட்சியும் நீதிமன்றமும் எல்லாம் கங்காணியும் சாதிசனமுமே. வீட்டுரிமை என்று ஒன்றும் இல்லை; காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். விட்டுச் செல்லச் சொத்து இல்லாதவனுக்கு வாரிசை நிறுவப் பத்திரம் எதற்கு? பதிவாளரோ தொலைவிலுள்ள பட்டணத்தில் இருந்தார். தோட்டத்துப் புத்தகத்தில் பெயர் ஏறினால் போதும் என்ற எண்ணம் மேலோங்கிய வாழ்க்கை அது.

அந்த எண்ணம் பொய்த்துப்போன முதல் பேரிடி 1948 இலும் 1949 இலும் விழுந்தது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தைவழி மரபைக் கேட்டது; மணமின்றிப் பிறந்த பிள்ளைக்குத் தாய்வழி மரபைக் கேட்டது. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்போருக்கு ஒரு நிபந்தனை இருந்தது: 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன், மணமானவராயின் ஏழு ஆண்டுகளும், மணமாகாதவராயின் பத்து ஆண்டுகளும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்திருக்கவேண்டும். வாசகர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். மணமாகியவரா இல்லையா என்ற கேள்வி, ஒரு மனிதனின் நாட்டுரிமைத் தராசில் மூன்று ஆண்டு எடையுள்ளதாகிவிட்டது. சுவரில் தொங்கிய மணப்படத்தை எவன் தராசில் வைப்பான்? எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. இறுதியில் உரிமை பெற்றோர் ஏறக்குறைய ஓர் இலட்சத்து முப்பத்து நாலாயிரம் பேர். மறுக்கப்பட்டமைக்குக் காரணங்கள் பல. பத்திரமில்லாமை அவற்றுள் பெரியது.

பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை வந்தது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் அக்கரைக்கு, மூன்று இலட்சம் பேர் இக்கரைக்கு என்று முதலில் பங்கிட்டார்கள். தலைமன்னார்க் கப்பல் 1984 இல் நின்றுபோகும்வரை குடும்பங்கள் பிரிந்துகொண்டேயிருந்தன. நாம் அறிந்த குடும்பங்களிலேயே, "முன்னே போகிறேன், கடிதம் போடுகிறேன்" என்று போனவர் அங்கே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். இங்கே நின்றவள் சில ஆண்டுகள் பொறுத்திருந்து, பிள்ளைகளின் பசிக்காக இன்னொருவரோடு சேர்ந்தாள். முதல் மணத்தை முறித்தவர் எவருமில்லை. இரண்டாம் வாழ்வுக்குத் தாலியும் இல்லை. அவளை ஊர் என்ன பெயரால் அழைத்தது என்பதை இங்கே எழுத எமக்கு மனமில்லை. தனி மனிதருக்கு எட்டாத இரண்டு அரசாங்கங்கள் போட்ட முடிச்சுக்கு அவள் ஒருத்தி பழிசுமந்தாள்.

ஊகத்தின் எல்லை

அத்தகைய பெண்ணுக்குத்தான் சட்டத்தின் ஊகமும் உதவாது. முந்திய மணம் முறியாமல் இருக்கும்போது, எத்தனை ஆண்டு கூடி வாழ்ந்தாலும் அதை மணமென்று ஊகிக்க இடமில்லை. அதுபோலவே வயதும். 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், ஆணுக்கும் பெண்ணுக்கும் பதினெட்டு வயது நிறையாத மணம் இந்நாட்டின் பொதுச் சட்டத்தில் செல்லாது. பதினாறிலும் பதினேழிலும் படிப்பை விட்டுக் "கூட்டிக்கொண்டு போன" பிள்ளைகளை இரு வீட்டாரும் "சேர்த்து வைத்துவிட்டோம்" என்று ஆறுதல் அடைகின்றனர். கோவிலில் மாலையும் மாற்றுகின்றனர். சட்டத்தின் கண்ணில் அது மணமன்று. பதினாறுக்குக் கீழாயின் ஆண்மகன் மீது கடுங்குற்றம். பதினெட்டு நிறைந்ததும் பதிந்துகொள்ளலாம் என்று ஒத்திவைப்பவர்கள், பிள்ளைப்பேறும் வேலையும் வறுமையும் சூழ்ந்த பின் அதை மறந்தே போகின்றனர். ஓர் ஆசிரியன் என்ற முறையில் எமக்கு மிகுந்த கவலை தருவது இதுவே.

அப்படியானால், மணமென்று ஏற்கப்படாத கூட்டுவாழ்வில் இருப்பவர்களுக்குச் சட்டம் முற்றிலும் கைவிரித்துவிட்டதா? அதுவும் இல்லை. வயது வந்த இருவர் மணமின்றிக் கூடி வாழ்வது இந்நாட்டில் குற்றமன்று. 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், கணவன் மனைவியரோடு கூடி வாழும் துணைவரையும் வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டது. அடிபட்ட பெண் தாலியைக் காட்டாமலே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1999 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், மணத்தில் பிறந்த பிள்ளையென்றும் மணமின்றிப் பிறந்த பிள்ளையென்றும் வேறுபாடு காட்டாது பராமரிப்பை விதிக்கிறது. தந்தை இன்னார் என்பது நிறுவப்பட்டால் போதும். தம்மைத் தாமே தாங்க இயலாத பிள்ளைகள், பதினெட்டுக்குப் பின்னும் இருபத்தைந்து வயதுவரை கேட்கலாம் என்பதை எமது உயர்தர மாணவர் குறித்துக்கொள்வாராக. ஆனால் அவர்களுடைய தாய் தனக்கென்று கேட்பதாயின் மனைவியென்று நிறுவியாகவேண்டும்.

வாரிசுரிமையில்தான் வாள் கூர்மையாக விழுகிறது. 1876 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மரணசாசனம் எழுதாது இறந்தவரின் சொத்தில் பாதி அவருடைய விதவைக்கு உரியது. விதவையென்று ஏற்கப்படாதவளுக்கு ஒன்றுமில்லை. மணமின்றிப் பிறந்த பிள்ளைகள் தாயின் சொத்தைப் பெறுவர். தந்தையின் சொத்தைப் பெறார். லயக் காம்பரா காலத்தில் இவ்விதி எமது மக்களுக்குப் பொருளற்றதாயிருந்தது. இன்றோ ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் பற்றிப் பேசுகின்ற காலம். நிலம் வந்தால் வாரிசு வரும். வாரிசு வந்தால் வழக்கு வரும். இருபது ஆண்டுகள் எட்டிப் பாராத மைத்துனன்மார் அப்போது எட்டிப் பார்ப்பர். இதற்கு ஒரு காப்பு, செலவு குறைந்ததும்கூட, மரணசாசனம். இந்நாட்டில் ஒருவர் தம் உடைமையை விரும்பிய எவருக்கும் எழுதிவைக்கலாம். நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளுடனோ, நொத்தாரிசு இல்லாவிடில் ஐந்து சாட்சிகளுடனோ எழுதவேண்டும். சாவைப் பற்றி எழுதினால் சாவு வந்துவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு எம்மிடம் மருந்தில்லை.

பத்திரத்தை வைத்திருப்பதும் ஒரு பாடு. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, எமக்கு அண்மையிலுள்ள கொஸ்லாந்தை மீறியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது யாவருக்கும் நினைவிருக்கும். அத்தகைய நாளில் உயிர் தப்பியவன், தகரப் பெட்டியில் இருந்த காகிதத்தையா தேடுவான்? பதிவாளர் புத்தகத்தில் எழுதப்பட்ட விவாகத்துக்கு மறுபிரதி எடுக்கலாம். சுவரில் தொங்கிய படத்துக்கு மறுபிரதி இல்லை.

தமிழகத்திலும் இவ்வழக்கு வேறுருவில் நடந்தது. புரோகிதரும் ஓமமும் இன்றி நடத்திய சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாவென்று 1953 இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஊரறிய மாலை மாற்றி வாழ்ந்தவர்கள் எல்லாம் மணமாகாதவர் ஆயினர். 1967 இல் அண்ணாதுரை அவர்களின் ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறி, வருகின்ற மணங்களோடு நடந்து முடிந்த மணங்களையும் செல்லுபடியாக்கிற்று. ஒரு சட்டசபை மனம்வைத்தால் பழைய கலியாணங்களுக்கும் உயிர்கொடுக்க முடியும் என்பதற்கு அது சான்று. மலையகத் தம்பதியர்க்காக அத்தகைய ஒரு சிறு திருத்தத்தை எவரும் இதுவரை வற்புறுத்தாதது எமக்கு வியப்பே.

விரும்பியே மணத்தைத் தவிர்க்கும் இளையோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010 இல் நடிகை குஷ்பு வழக்கில், வயது வந்தோர் கூடி வாழ்தல் குற்றமாகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. அதே ஆண்டில் வேலுச்சாமி - பச்சையம்மாள் வழக்கில், எல்லாக் கூட்டுவாழ்வும் மணத்தை ஒத்ததாகிவிடாது என்று அளவுகோல்களையும் வகுத்தது. இரண்டாவது தீர்ப்பையும் சேர்த்துப் படிக்குமாறு எமது பழைய மாணவர்க்குக் கூறுவோம். கொழும்பில் வாடகை வீட்டில் கூடி வாழும் படித்த பெண்ணுக்கு வருமானமும் வழக்கறிஞரும் உண்டு. தெரிந்தே தவிர்ப்பது ஒன்று. தெரியாமலே இழப்பது மற்றொன்று. முன்னதைப் பழிக்கும் நாக்குகள் பின்னதைக் கண்டு ஏன் கூசுவதில்லை என்பதே எமது கேள்வி.

எமது மாணவியின் கதையை முடிக்கவேண்டும். அவளுடைய பெற்றோரை அழைத்துப் பேசினோம். பின்னர் நடக்கும் சட்டபூர்வமான விவாகம் முன்னே பிறந்த பிள்ளைகளையும் முறைப்படியானவர் ஆக்கும் என்றும், பிறப்புப் பதிவைச் சரிசெய்ய வழியுண்டு என்றும் விளக்கினோம். தகப்பனார் உடனே இசைந்தார். தாயார்தான், "இந்த வயசுல ஊரு சிரிக்கும் ஐயா" என்று இரண்டு மாதம் கடத்தினார். முடிவில் மகளின் பரீட்சையைச் சொல்லித் தகப்பனார் அழைத்து வந்தார்.

பதிவாளர் வயது முதிர்ந்தவர், பொறுமையுள்ளவர். பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதி முடித்து, விவாகத்துக்கு முந்திய நிலை என்ற கூண்டுக்கு வந்தார். மணமகன், மணமாகாதவர். மணமகள், மணமாகாதவர். உரக்க வாசித்துக் கையொப்பத்துக்காகப் புத்தகத்தைத் திருப்பினார். தாயார் பேனாவைத் தொடவில்லை. சேலைக்குள் கிடந்த தாலிக் கயிற்றை வெளியே எடுத்துப் போட்டார்.

"ஐயா, நாலு புள்ள பெத்தவ நான். இருபத்தாறு வருசமா இத கழட்டுனது இல்ல. மணமாகாதவன்னு எழுதிப்புட்டு அதுல கையெழுத்து வைன்னா எப்புடி வைக்கிறது?"

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, உங்கட கலியாணம் ஊருக்கு எப்பவோ தெரியும். இந்தப் புத்தகத்துக்கு இண்டைக்குத்தான் தெரியவருது" என்றார்.

அவர் நெடுநேரம் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற மகள் உள்ளே வந்து, காம்பராச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த மணப்படத்தை மேசைமேல் வைத்தாள். கண்ணாடியில் விரிசல் விழுந்த படம். தாயார் அதை ஒருமுறை பார்த்தார், பேனாவை வாங்கினார். எழுத்துக் கூட்டிக் கூட்டித் தம் பெயரை எழுதி முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேலாயிற்று. சாட்சிகளாக நாமும் தோட்டத் தலைவர் ஒருவரும் கீழே ஒப்பமிட்டோம். அன்று இருவருக்கும் பேர் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது தகப்பனார் அதைச் சொல்லிச் சிரித்தார்.